பாலியம் பள்ளத்தாக்கில் எங்கள் பாதையைத் திருத்திய தாய்மாமன்

பாலியம் பள்ளத்தாக்கின் முக்கிய ஊரான வமேனாவுக்குப் போகும்போது எங்களிடம் ஒரு வரைபடம் இருந்தது. ஐந்து நாள் நடை, நான்கு இரவு, ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஊர், எல்லாம் சிவப்பு மையில். நானும் நண்பனும் அவன் மனைவியும் மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட திட்டம். கைடு அதை விரித்துப் பார்த்தார். மூன்றாம் இரவுக்குக் குறித்திருந்த ஊரின் மேல் விரலை வைத்து, "இங்கே எனக்கு யாரும் இல்லை" என்றார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அங்கே தங்க இடம் இருக்கிறது, வேறு பயணிகள் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். "இருக்கலாம்" என்றார், அதற்கு மேல் பேச்சில்லை. முன்பணம் கொடுத்தாயிற்று, ஆள் சோம்பேறி போலிருக்கிறதே என்று அன்று இரவு எங்களுக்குள் புலம்பிக்கொண்டோம்.

இடம் தெரியாதவர்களுக்கு: இந்தோனேசியாவின் பப்புவா மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாலியம். டானி மக்களின் ஊர். இவ்வளவு பெரிய மக்கள் கூட்டம் இந்த மலைகளுக்கு நடுவே தோட்டமும் வாய்க்காலுமாக வாழ்வது, 1938இல் ரிச்சர்ட் ஆர்ச்போல்ட் குழுவினர் விமானத்திலிருந்து பார்த்த பிறகுதான் வெளியே பரவலாகத் தெரியவந்தது. நாங்கள் போனது 2018 ஆகஸ்ட் கடைசியில், அங்கே ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா முடிந்த பிறகு. ஜகார்த்தாவிலிருந்து சென்தானி, அங்கிருந்து மலைகளைத் தாண்டி வமேனாவுக்கு இன்னொரு விமானம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் ஒரு மூட்டையை எடை கூடிவிட்டது என்று விட்டுவிட்டு வந்தார்கள், மறுநாள்தான் வந்து சேர்ந்தது. மழைக்கோட்டு மூன்றும் அதற்குள்தான் இருந்தன. மழையும் அன்றைக்குத்தான் பெய்தது.

போலீசில் 'சுராத் ஜாலான்' வாங்கியே ஆக வேண்டும். வழிக் கடிதம் என்று சொல்லலாம். பாஸ்போர்ட் நகலும் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் போதும். போகப்போகும் ஊர்ப் பெயர்களை அதில் எழுதுவார்கள், அதனால் ஒன்றிரண்டு பெயர் கூடுதலாகவே சொல்லி வையுங்கள். எங்கள் கைடு சொல்லச் சொன்ன பெயர்கள்தான் பிறகு உதவின.

வமேனாவிலிருந்து தெற்கே குரிமா பக்கம் வண்டியில் போய், சாலை முடிகிற இடத்தில் இறங்கி நடந்தோம். அங்கிருந்து பாலியம் ஆறு குறுகிய பள்ளத்துக்குள் இரைச்சலோடு இறங்குகிறது. ஏற்றம் கடுமை. அதைவிடப் படுத்தியது எதிரே வருகிறவர்களை வரவேற்பது. ஒரு கிழவர் எதிரே வந்தார், நின்றார், கையைப் பிடித்துக்கொண்டு "வா வா வா வா" என்றார். எனக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர் யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது. டானி மொழியில் அது வரவேற்பு, நன்றி, மகிழ்ச்சி எல்லாம் கலந்த சொல். நாங்களும் "வா வா" என்றோம். அவர் கையை விடவில்லை. வழியில் பார்க்கும் ஒவ்வொருவரோடும் இப்படித்தான், கூட்டமாக வந்தால் ஒவ்வொருவர் கையையும். இரண்டு மணி நேரப் பாதை நான்கு மணி நேரம் ஆனது. எங்கள் வரைபடத்தில் இதற்கு நேரமே ஒதுக்கவில்லை.

மொழியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எங்கள் மூட்டை தூக்கி வந்த பையன் வானத்தைக் காட்டி "கபால்" என்றான். இந்தோனேசிய மொழியில் கபால் என்றால் கப்பல், நம்மிடமிருந்து போன சொல்தான். விமானம் 'கபால் தெர்பாங்', பறக்கும் கப்பல். கடலையே பார்க்காத பையன் வாயில் நம் கப்பல். ஆனால் எங்களைக் குழப்பியது 'மாமா' என்ற சொல். அங்கே வயதான பெண்களை எல்லாம் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அம்மா என்று பொருள். நண்பனின் மனைவி இரண்டு நாள் வரை கைடு ஏதோ கிண்டல் செய்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரவு கிலிஸேயில், ஹோனாய் என்ற வட்டக் குடிலில். நடுவில் அடுப்பு, புகை கூரைப் புல்லின் வழியே கசிந்து போக வேண்டும், போகிற வரை உள்ளேயே சுற்றும். மேலே ஒரு பரண், அதில் புல் பரப்பித் தூங்க வேண்டும். இரவில் குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். சாப்பாடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. காலையும் அதுவே, வழியிலும் அதுவே. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை, அந்தப் பள்ளத்தாக்கு நிற்பதே கிழங்கின் மேல்தான். அரிசியும் நூடுல்ஸும் வமேனாவிலிருந்து தூக்கிப் போனோம், அதில் பாதி எங்கள் போர்ட்டர்களுக்குத்தான் விருந்தானது. பன்றியையும் கிழங்கையும் சுட்ட கற்களோடு குழியில் அடுக்கி வேகவைக்கும் விருந்தைப் பயணிகள் பணம் கொடுத்து ஏற்பாடு செய்வதுண்டு. நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு தோட்டத்துக் கல்வேலியைத் தாண்டும்போது ஒரு மாமா எதிரே வந்தாள். தலையிலிருந்து முதுகில் தொங்கும் நோக்கென் பை நிறையக் கிழங்கு. மரப்பட்டை நாரில் பின்னும் இந்தப் பையை யுனெஸ்கோ 2012இல் காக்கப்பட வேண்டிய மரபாக அறிவித்தது. கை நீட்டினாள், பிடித்தேன். மூன்று விரல்களில் மேல் கணு இல்லை. துக்கத்துக்கு விரல் கணுவை வெட்டும் வழக்கம் அங்கே இருந்தது என்று படித்திருந்தேன். இப்போது வழக்கத்தில் இல்லை, கிழவிகளின் கைகளில்தான் பார்க்க முடியும். படித்திருந்தும் என் கை சட்டென்று தளர்ந்தது. அவள்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "வா வா வா" என்றாள். கேமராவைத் தொடவே தோன்றவில்லை.

கேமரா என்றதும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பார்க்கிற படங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆண்கள் அணியும் சுரைக்குடுவை உறையான கொதேக்காவை 1970களின் தொடக்கத்தில் அரசே ஓர் இயக்கம் நடத்தி ஒழிக்கப் பார்த்தது. இப்போது வழியில் காண்பது பெரும்பாலும் டீ-சர்ட்டும் கால்சட்டையும்தான். உடலில் பன்றிக் கொழுப்பு பூசிக் கொதேக்காவோடு நிற்பவர்கள் பெரும்பாலும் படத்துக்காக நிற்பவர்கள், ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் திருமண வீட்டிலும் போட்டோக்காரருக்காக நாம் நிற்பதில்லையா? சில்லறை ரூப்பியா நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறிய பிறகு பணம் எடுக்க வழியில்லை.

சரி, மூன்றாம் நாள். நாங்கள் போட்ட ஊரை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஏறி, தொங்கு பாலம் ஒன்றைக் கடந்து, வரைபடத்தில் பெயரே இல்லாத நாலைந்து குடில்களுக்குக் கைடு கூட்டிப் போனார். போகும் வழியில்தான் வாயைத் திறந்தார். டானி மக்களில் எல்லோரும் விதா, வாயா என்ற இரண்டு பிரிவில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். தகப்பன் எதுவோ பிள்ளையும் அதுவே. ஒரே பிரிவுக்குள் கல்யாணம் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்த நண்பன், "அட, பங்காளியும் மாமன் மச்சானும்" என்றான். அவ்வளவுதான் விஷயம். பன்றி ஒன்று தோட்டத்தில் புகுந்தாலும், இரவில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும், விருந்தாளியோடு தகராறு வந்தாலும், பேசித் தீர்க்க ஊரில் ஓர் உறவு வேண்டும். உறவில்லாத ஊருக்கு மூன்று வெளிநாட்டவரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்குப் பொறுப்பு அவர் ஒருவரே. இந்த ஊரில் அவருடைய தாய்மாமன் இருந்தார். வமேனாச் சந்தையில் எங்களை அரை மணி நேரம் நிற்க வைத்து ஒரு பை பாக்கு வாங்க வைத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காயைச் சுண்ணாம்போடு மெல்லுகிறார்கள்.

அதனால் போகிறவர்களிடம் நான் சொல்வது, கைடு யார் என்று முடிவான பிறகு வரைபடத்தைத் திறங்கள். எந்த ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அதை வைத்து இரவுகளைக் குறியுங்கள். ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். இன்னொன்று, நாங்கள் போய் வந்த அடுத்த ஆண்டே, 2019 செப்டம்பரில், வமேனாவில் பெரிய கலவரம் நடந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைநாட்டில் ஆயுதக் குழுக்களுக்கும் படையினருக்கும் மோதல் இன்னும் ஓயவில்லை. 2023இல் பக்கத்து ந்துகா பகுதியில் கடத்தப்பட்ட வெளிநாட்டு விமானி ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் வெளியே வந்தார். டிக்கெட் போடும் முன்பும், சென்தானியில் விமானம் ஏறும் முன்பும் நிலவரம் விசாரியுங்கள். போக வேண்டாம் என்று உள்ளூரில் சொன்னால் திரும்பிவிடுங்கள். மலைக்குக் கீழே சென்தானி பக்கம் மலேரியா உண்டு, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.

அன்று இரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தாய்மாமன் பாக்கை மென்றபடி நண்பனையும் அவன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம்தானே என்று கைடிடம் கேட்டாராம். நண்பன் பெருமையாக, இவள் என் தாய்மாமன் மகள்தான் என்று சொன்னான். கைடு அதை மொழிபெயர்த்தார். குடிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், ஒரு கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், தாய்மாமன் நெடுநேரம் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டோம். கைடு சற்று யோசித்துவிட்டு, "கிழங்கு இன்னும் வேண்டுமா என்று கேட்கிறார்" என்றார்.