சிட்டப் 100 எடுத்தும் தொப்பை மட்டும் அசையவில்லை, ராகிக் களிக்கு மாறியும் பலனில்லை

கிருஷ்ணகிரி_38:
வணக்கம். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய் வருகிறேன், உட்கார்ந்தே வேலை, மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். மூன்று மாதமாகக் காலையில் 100 சிட்டப் எடுக்கிறேன், வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன், எலுமிச்சை. இரவுச் சோற்றை விட்டுவிட்டு இரண்டு உருண்டை ராகிக் களி. எடை 3 கிலோ இறங்கியது, கன்னம் ஒட்டிப்போய் அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார், ஆனால் இடுப்புச் சுற்று அதே 102 செ.மீ.தான். அப்பாவுக்கு 45 வயதிலேயே சர்க்கரை வந்தது, அதனால்தான் பயமாக இருக்கிறது. வயிற்றுக்கு மட்டும் ஏதாவது தனி உடற்பயிற்சி இருக்கிறதா?

மலையேறி:
வயிற்றுக்கு மட்டும் என்று ஒன்று கிடையாது தம்பி. சிட்டப் எடுத்தால் கொழுப்புக்கு அடியில் இருக்கும் தசை பலமாகும், மேலே இருக்கும் கொழுப்பு அந்த இடத்திலிருந்து மட்டும் கரையாது. உடம்பு எங்கிருந்து முதலில் எடுக்கும் என்பது நம் கையில் இல்லை, உங்களுக்கு முகத்தில் தொடங்கியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் சையத் பாஷா மலை ஏறுவேன், மூச்சு வாங்கும், அதுதான் வேண்டும்.

தருமபுரி அக்கா:
தம்பி, எனக்கு 94 செ.மீ. இருந்தது, 83-க்கு வர பதினொரு மாதம் ஆனது. அதனால் மூன்று மாதத்தில் மனம் விட வேண்டாம்.

முதலில் களி விஷயம். நானும் களி சாப்பிட்டு வளர்ந்தவள்தான், அதைக் குறை சொல்ல மனம் வராது, நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் 100 கிராம் ராகி மாவுக்கும் 100 கிராம் அரிசிக்கும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே 320 முதல் 350 வரை. நம் பாட்டன் இரண்டு உருண்டை தின்றது நாள் முழுக்க ஏர் ஓட்டியதற்கு, நாம் அதைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ஒரு உருண்டை போதும், கூடவே கீரையோ கொள்ளுக் கடைசலோ நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பசி தாங்கும், தசையும் கரையாது. முகம் ஒட்டிப்போனது என்கிறீர்களே, புரதம் போதாமல் தசையும் சேர்ந்து போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தினம் இரண்டு முட்டை சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் தேன். ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரிக்கு மேல், அது கொழுப்பை ஒன்றும் கரைக்காது, விட்டுவிடலாம். டீ எத்தனை குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நான் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கணக்குப் போட்டால் 40 கிராமைத் தாண்டியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளுக்கு 25 கிராம் சர்க்கரைக்குள் இருக்கச் சொல்கிறது. சர்க்கரையை நிறுத்தியதும்தான் எனக்கு டேப் அசைந்தது.

கிருஷ்ணகிரி_38:
அக்கா, ஆறு டீ. நைட் ஷிஃப்டில் 2 மணிக்குக் கேன்டீனில் பரோட்டாவும் உண்டு. இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வார்டு_நர்ஸ்:
பரோட்டாவுக்குப் பதில் வீட்டிலிருந்து அவித்த பயறும் மோரும் எடுத்துப் போங்கள். இன்னொன்று, அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்மைப் போன்ற இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்று ஆண்களில் 90, பெண்களில் 80 செ.மீ.க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழி விடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால் நடையும் உணவும் சரியானால் அந்த உள்கொழுப்பு குறையக்கூடியது, வெளியே கையில் பிடிக்க வரும் மடிப்புதான் கடைசிவரை நிற்கும். வாரம் இரண்டு நாள் ஸ்குவாட்டும் தண்டாலும் எடுங்கள், கால் தசை பெரியது, அதற்கு வேலை கொடுத்தால் பலன் அதிகம். இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று: பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருந்தாலோ, தொப்புள் பிதுங்கினாலோ டாக்டரிடம் காட்டாமல் சிட்டப் எடுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்களும் கேட்காமல் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது.

கிருஷ்ணகிரி_38:
நன்றி. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறேன். டேப்பை பேன்ட் போடும் இடத்தில்தான் வைத்து அளந்தேன், அது சரியா?

வார்டு_நர்ஸ்:
கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வையுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். தினமும் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடும் முன்.