சிம்னி மூடியில் துரு, அறைக்குள் புகை: வலையை வெட்டிவிடலாமா?

கூரைக்காகம்:
விறகு அடுப்பு உள்ள வீடு. சிம்னி உச்சியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடி, சுற்றிலும் கம்பி வலை. போட்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. இப்போது அடுப்பு மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது. மூடியில் செம்பழுப்புக் கோடுகள் வேறு. சுத்தம் செய்ய வந்தவர், "வலையை வெட்டிடுங்க, மூடிக்குப் பெயிண்ட் அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செய்யலாமா?

கரித்துண்டு:
வலையில கை வைக்காதீங்க. தீப்பொறி கூரையில விழாம தடுக்கிறதும், பறவை உள்ளே இறங்காம பார்த்துக்கிறதும் அதுதான். புகை உச்சிக்குப் போறதுக்குள்ள சூடு தணிஞ்சிடும், வலையிலயோ வெளிக்காத்தும் படும். அதான் தார் முதல்ல அங்கே ஒட்டுது. கண்ணு கண்ணா அடைச்சு, பளபளன்னு கறுப்பா இருக்கான்னு பாருங்க. இருந்தா குழாய்க்குள்ளேயும் அதே தார் இருக்கும். சிம்னிக்குள்ள தீப்பிடிக்கிறது அதனாலதான். முழுக் குழாயையும் சுத்தம் பண்ணாம அடுப்பை மூட்டாதீங்க. விறகு ஈரமா? ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும்.

தகரடப்பா:
துரு விஷயம். ஒரு காந்தத்தை மூடியிலும் ஸ்க்ரூவிலும் வைத்துப் பாருங்கள். வந்தவர் எந்த பிரஷ்ஷால் தேய்த்தார்?

கூரைக்காகம்:
வலை நீங்க சொன்ன மாதிரியேதான், பாதிக் கண் அடைப்பு. விறகும் இந்த வருஷம் வெட்டினது. காந்தம் தகட்டில் ஒட்டவில்லை, மடிப்பில் மட்டும் லேசாக இழுக்கிறது. ஸ்க்ரூவில் 'டக்'கென்று ஒட்டுகிறது. கோடுகளும் ஸ்க்ரூ தலையிலிருந்துதான் கிளம்புகின்றன. தேய்த்தது சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்.

தகரடப்பா:
காந்தம் தகட்டில் ஒட்டவில்லை என்றால் மூடி பெரும்பாலும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கும். வளைத்த இடத்தில் அதிலும் கொஞ்சம் காந்தம் இழுக்கும், பயப்பட வேண்டாம். துருப்பிடித்தது இரும்பு ஸ்க்ரூ. தகட்டில் தெரிவது அதன் ஒழுக்கு. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளும் அங்கங்கே புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுங்கள். மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ் கொண்டு கழுவுங்கள். கழிவறை ஆசிட், பிளீச்சிங் இரண்டும் ஆகாது. குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பொத்துவிடும். கடற்கரை ஓரம் உப்புக்காற்றிலும் அதே கதைதான், அங்கே 316 வகை தாங்கும். பெயிண்ட் தேவையே இல்லை. ஜிஐ தகடாக இருந்து துத்தநாகப் பூச்சு உரிந்திருந்தால் பேச்சு வேறு.

கூரைக்காகம்:
சரி, வருஷத்தில் எப்போது சுத்தம் பண்ணுவது? குளிர்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை போதுமா?

கரித்துண்டு:
எல்லாரும் அப்போதான் பண்றாங்க. என்னைக் கேட்டா, அடுப்பை நிறுத்தின வாரமே பண்ணுங்க. புகைக்கரியில மழை ஈரம் சேர்ந்தா அமிலமாகும். கோடை முழுக்க உட்கார்ந்து உலோகத்தை அரிச்சுக்கிட்டே இருக்கும். அடுத்த சீசனுக்கு முன்னாடி கூடு, சருகு இருக்கான்னு ஒரு பார்வை. பெருங்காத்து அடிச்சா மறுநாள் மூடி ஆடுதா, கோணிக்கிச்சான்னு பாருங்க. தரையில நின்னு பைனாகுலர்ல பார்த்தாலே தெரியும். சீசன் நடுவுல புகை திரும்பினா முதல் சந்தேகம் வலைமேலதான்.

தகரடப்பா:
கழற்றும் அன்றைக்கு அடுப்பு முழுசாக ஆறியிருக்கட்டும், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கூரை சரிவாக இருந்தால் நீங்கள் ஏறாதீர்கள். ஆள் கூப்பிடுங்கள், பிரஷ்ஷை மட்டும் நீங்கள் கொடுங்கள்.