ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைக்கலாமா?

காரிமங்கலத்தான்:
என் தங்கை ஜூன் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். சேரும்போதே டி.சி., பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அடுத்த கட்டக் கலந்தாய்வில் அவளுக்குத் தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி கிடைத்திருக்கிறது. போய்க் கேட்டால், "மூன்று வருட ஃபீஸையும் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். அப்பா பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். முதல் செமஸ்டருக்குக் கட்டிய பணமே வட்டிக்கு வாங்கியது. அடுத்த வெள்ளிக்குள் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் அரசு சீட் போய்விடும். கல்லூரி கேட்பது சட்டப்படி சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர் அக்கா:
சரியே இல்லை தம்பி. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில் இது தெளிவாக இருக்கிறது. சேர்க்கையின்போது ஒரிஜினலை மாணவர் முன்னிலையில் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளலாம் என்பது சான்றொப்பமிட்ட நகலை மட்டும்தான். கட்டிய பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு உண்டு. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால், அதிகபட்சம் 5 சதவீத நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகை. கடைசித் தேதிக்கு முந்தைய அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி முடிந்து 15 நாள் வரை 80, அடுத்த 15 நாளுக்கு 50. 30 நாள் தாண்டினால்தான் ஒன்றும் கிடையாது. 2024-25 கல்வியாண்டுக்கு இன்னும் தளர்த்தி, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் தரச் சொன்னார்கள். இந்த வருடத்துக்கு என்ன தேதி என்று யுஜிசி தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். மூன்று வருட ஃபீஸ் கட்டு என்பதற்கு எங்கேயும் இடமில்லை.

ஓசூர் பேராசிரியர்:
சுயநிதிக் கல்லூரியில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஒரு மாணவி ஆகஸ்டில் விலகினால் அந்த இடம் அந்த ஒரு வருடம் மட்டும் காலியாக இருப்பதில்லை, மூன்று வருடமும் காலிதான். கணிதத் துறையில் 20 பேர் சேர்வதே பெரிய விஷயம். அதில் ஐந்து பேர் அரசுக் கல்லூரிக்குப் போனால் அடுத்து வேலை போவது ஒரு உதவிப் பேராசிரியருக்கு. அவர் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்கெல்லாம் தெரியுமா?

சட்டத்தையும் முழுசாகப் பாருங்கள். 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மாணவர் பாதியில் போய்விடுவார் என்று நினைத்தால், மீதிக் கட்டணத்துக்கு உறுதிப் பத்திரமோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொள்ளலாம் என்றது. ஆக, கல்லூரிக்கு நஷ்டம் உண்டு என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பர்கூர் அக்கா:
சார், அதே தீர்ப்பில் அதற்கு முந்தைய வரியையும் சொல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு செமஸ்டருக்கோ ஒரு வருடத்துக்கோ மட்டும்தான் கட்டணம் வாங்கலாம், மொத்தப் படிப்புக்கும் முன்கூட்டியே வாங்கக் கூடாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. பத்திரம் எழுதி வாங்கியிருந்தால் கல்லூரி அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகட்டும். சர்டிபிகேட் அடகுப் பொருள் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய பண்டம் அல்ல, ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டி அதைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் என்ன பத்திரம் வாங்கினார்கள்? தம்பி, ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா?

காரிமங்கலத்தான்:
பத்திரம் எதுவும் இல்லை அக்கா. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். இன்னொன்று. கட்டியதில் ஒரு பகுதிக்குத்தான் அச்சடித்த ரசீது. மீதிக்கு ஒரு வெள்ளைத் தாளில் தொகையை எழுதிப் பக்கத்தில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து. சீல் இல்லை, வரிசை எண் இல்லை, கல்லூரிப் பெயர்கூட இல்லை.

பர்கூர் அக்கா:
அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தத் தேதியில், எந்த கவுண்டரில், யாரிடம் கொடுத்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். தகவல் கையேட்டில் அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பதும் தனியாக ஒரு குறைதான். மாணவர் குறைதீர்ப்பு பற்றிய 2023 யுஜிசி விதிமுறையில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். சான்றிதழைத் தராமல் வைத்திருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

பென்னாகரம் பஸ்:
அக்கா சொல்கிற விதிமுறை எல்லாம் உண்மைதான். நடைமுறையைக் கொஞ்சம் பேசுவோம். 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் யார் இருப்பார்கள்? அதே கல்லூரிப் பேராசிரியர்கள். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளில் முடிக்கப் பார்ப்பார். கூட்டிப் பாருங்கள், இரண்டு மாதம். இவர் தங்கைக்கு இருப்பது அடுத்த வெள்ளி வரை. உரிமையைப் பேசிக்கொண்டே சீட்டைக் கோட்டை விடுவதா?

எங்கள் பக்கம் பிள்ளைகள் காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால்தான் முதல் பீரியடுக்குப் போக முடியும். அவர்கள் அப்பா அம்மா பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் இருக்கிற சேலத்துக்குப் போய் மனு கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஊரில் பெரிய மனிதர் யாரையாவது கூட்டிக்கொண்டு தாளாளரிடம் நேரில் பேசுங்கள். ஏதோ ஒரு தொகை சொல்வார்கள். கொடுத்துவிட்டு வாங்கி வாருங்கள்.

பர்கூர் அக்கா:
இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் இது வழக்கமாகியிருக்கிறது. எனக்கு இதில் மனசு கொதிக்கிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டியவரிடம் இன்னொரு முறை வட்டிக்கு வாங்கு என்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வழி இருக்கிறது. நாளைக்கே முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம். விலகுகிறேன், இன்னின்ன சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள், அவ்வளவு போதும். அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே தபால் நிலையம் போய் சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபால். கல்லூரி மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி. பிறகு அந்த நகலோடு அரசுக் கல்லூரி முதல்வரைப் பார்த்து, சான்றிதழ் அங்கே சிக்கியிருக்கிறது, அவகாசம் தாருங்கள் என்று எழுதிக் கேளுங்கள். மண்டல கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு ஒரு மனு. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், அங்கே ஒன்று. இதற்கு எதற்கும் சேலம் போக வேண்டியதில்லை.

அரூர் மாணவி:
நான் இப்போது படித்துக்கொண்டிருப்பவள். விலகிப் போகிறவர் தைரியமாக எழுதலாம். இரண்டாம் வருடம் அதே வகுப்பில் உட்காரப் போகிற எங்களுக்கு இன்டர்னல் 25 மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது. வருகைப் பதிவு 75 சதவீதம் என்பதும் அவர்கள் கையில்தான். என் வகுப்பில் பட்டியல் இனத்துத் தோழிகளிடம் உதவித்தொகை வரும் முன்பே முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். கட்டாதவர்களுக்கு ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

பர்கூர் அக்கா:
சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பட்டியல் இன, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட அரசாணை 92 இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தனியாக ஒருவர் பெயர் தெரிய வேண்டாம்.

ஓசூர் பேராசிரியர்:
இதில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். முன்பு அந்தப் பணம் கல்லூரிக்கே வந்துவிடும். இப்போது மத்திய அரசின் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. சில வீடுகளில் அது மருத்துவச் செலவுக்கும் கடனுக்கும் போய்விடுகிறது, கல்லூரிக்கு வருவதில்லை. நிர்வாகம் முன்கூட்டியே கேட்பதற்குக் காரணம் இதுதான். நியாயம் என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

அரூர் மாணவி:
சார், பணம் கணக்கில் ஏறியதும் கட்டச் சொல்லுங்கள், கட்டுகிறோம். ஏறுவதற்கு முன்னால் எங்கிருந்து கட்டுவது? ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் ஒரு செமஸ்டர் அரியராகிறது. அந்த நஷ்டத்தை யார் திருப்பித் தருவார்கள்?

பென்னாகரம் பஸ்:
இந்தப் பெண் சொல்வது நியாயம். இன்டர்னலைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

பர்கூர் அக்கா:
இன்டர்னலில் பயம் உண்மைதான், அதை மறைக்கவில்லை. எழுதிய டெஸ்ட் பேப்பரையும் அசைன்மென்டையும் திருத்தித் தந்ததும் போட்டோ எடுத்து வைத்தால் பிறகு கேள்வி கேட்கலாம். செமஸ்டர் விடைத்தாளுக்கு இன்னும் உறுதியான வழி உண்டு. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஓசூர் பேராசிரியர்:
கட்டணம் திருப்பித் தரும் விஷயத்தில் நான் இன்னும் உடன்படவில்லை. சிறிய கல்லூரிகளைக் கொன்றுவிடும் விதி அது. ஆனால் ஒரிஜினலைப் பிடித்து வைப்பதை என்னால் ஆதரிக்க முடியாது, என் துறையில் அதை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். காரிமங்கலம் தம்பிக்கு ஒரு யோசனை. சான்றிதழுக்கு ஒரு கடிதம், பணத்துக்கு ஒரு கடிதம், இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே கடிதத்தில் சேர்த்தால், பணக் கணக்கு முடியட்டும், அப்புறம் சான்றிதழ் தருகிறோம் என்று இழுப்பார்கள். டி.சி.க்குத் தனி விண்ணப்பமும் பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவமும் கேட்பார்கள். அதில் நூலகம், ஆய்வகம் இரண்டிலும் நாளைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

காரிமங்கலத்தான்:
சரி சார், இரண்டு கடிதமாகவே எழுதுகிறேன். அப்பாவும் லோடு முடிந்ததும் கூட வருகிறேன் என்கிறார். பென்னாகரம் அண்ணன் சொன்னபடி தாளாளரையும் பார்க்கிறோம், ஆனால் சீல் வாங்கிய பிறகுதான்.

பென்னாகரம் பஸ்:
அந்த வரிசையில் எனக்கு ஒப்புதல் இல்லை தம்பி. சீல் வைத்த கடிதத்தைப் பார்த்தால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். முதலில் பேசுங்கள், மறுத்தால் அங்கேயே கடிதத்தைக் கொடுங்கள்.

பர்கூர் அக்கா:
பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் ஒரு நாள் போய்விடும். காலை பத்து மணிக்குத் தபால் பிரிவு, அதற்கப்புறம் தாளாளர் அறை.