மறு: ‘கோசாய்–லிடோவ்’ விளைவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘தொலைத்துணை ஒத்ததிர்வு’ சரியாக வருமா?

வணக்கம். ‘ஒத்ததிர்வு’ (resonance) வேண்டாம். அதைப் பார்த்ததும் படிப்பவர் 2:1, 3:2 என்று சுற்றுக்கால விகிதத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். இங்கே அப்படி விகிதமே கிடையாது. தொலைவில் இருக்கும் துணை விண்மீனின் மெல்லிய ஈர்ப்பு, பல்லாயிரம் சுற்றுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்து கோளின் பாதையை மாற்றுகிறது.

கோள், துணை ஆகிய இரண்டின் பாதைத்தளங்களுக்கும் இடையே சாய்வு 39.2 முதல் 140.8 பாகைக்குள் இருந்தால், வட்டமாகச் சுற்றிய கோள்கூட வட்டவிலகல் (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு; வட்டத்துக்கு 0) பெறும். தொடக்கச் சாய்வு 60 பாகை என்றால் வட்டவிலகல் 0.76 வரை ஏறும், சாய்வு 39.2-க்கு இறங்கும், பிறகு இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். 80 பாகை என்றால் 0.97! ஒன்று ஏற ஒன்று இறங்குவதால் ‘சாய்வு–நீள்வு ஊசல்’ என்கிறேன். கோசாய், லிடோவ் இருவருக்கும் முன்பே வானியலாளர் வான் சைப்பெல் 1910-லேயே இதைத் தொட்டிருப்பதால், ஆள்பெயரில் நிறுத்தினால் யார் பெயர் முதலில் என்ற வழக்கும் தீராது.

---

> ‘சாய்வு–நீள்வு ஊசல்’

‘ஊசல்’ அருமை. அண்மைநிலையின் (கோள் தன் விண்மீனை மிக நெருங்கும் புள்ளியின்) திசைக்கோணம் சிலவேளை 90 அல்லது 270 பாகையைச் சுற்றி ஆடும், சிலவேளை முழுவட்டம் அடிக்கும், ஊசலும் அப்படித்தான்.

‘நீள்வு’தான் இடறுகிறது. இந்த ஆட்டத்தில் அரைநெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) மாறுவதில்லை. பாதை ஒடுங்குகிறது, நீள்வதில்லை. எச்.டி. 80606 பி என்ற புறக்கோளைப் பாருங்கள்: வட்டவிலகல் 0.93, சுற்றுக்காலம் 111 நாள், துணை விண்மீன் 1,000 வானியல் அலகுக்கும் (ஓர் அலகு பூமி–சூரியன் தொலைவு) அப்பால். அதன் பாதை சுருங்கியதற்குச் சொல்லப்படும் காரணம் ஓதம் (விண்மீனின் ஈர்ப்பு கோளை இழுத்து நெளிப்பது): அண்மைநிலையில் கோள் விண்மீனை உரசுவதுபோல் கடக்கையில் பாதையின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. ஊசல் வேறு, சுருக்கம் வேறு. ‘நீள்வு’ என்றால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். ஆகவே ‘சாய்வு–விலகல் ஊசல்’.

கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. ‘ஊசற்காலம்’: துணையின் சுற்றுக்கால வர்க்கத்தைக் கோளின் சுற்றுக்காலத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். துணைக்கு 10,000 ஆண்டு, கோளுக்கு 10 ஆண்டு என்றால் ஒரு கோடி ஆண்டு. ‘ஊசலடக்கம்’: விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோளுக்குப் பொதுச் சார்பியலால் அண்மைநிலை தானாகவே நகரும். அந்த நகர்வு ஊசற்காலத்தை முந்திவிட்டால் துணையின் தள்ளல் ஒரே திசையில் சேராமல் போகும், சாய்வு எவ்வளவு இருந்தாலும் ஊசல் எழாது.

‘அடக்கம்’ உடல் அடக்கத்தை நினைவூட்டும் என்றால் ‘ஊசல் தணிப்பு’ என்று போடலாம். ஆனால் ‘தணிப்பு’ மெதுவாகத் தேய்வதைச் சொல்லும். இங்கே ஊசல் தொடங்குவதே இல்லை.