வேலைக்கார டெரியர்னா எப்படி இருக்கணும்? அப்ப எதைப் பார்த்தாங்க, இப்ப எதைப் பாக்கணும்?

லாயத்துப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல ஒரு குதிரை லாயத்துல வேலை பாக்குறேன். தீவன ரூம், வைக்கோல் கட்டுக்கு அடியில, சாணிக் குவியல் பக்கம்னு எங்க பாத்தாலும் எலி வளைதான். பரண்ல கூகை குஞ்சு பொரிச்சிருக்கு, விஷம் வச்ச எலியைத் தின்னா அதுவும் செத்துடும்னு ஓனரம்மா விஷமே கூடாதுன்னுட்டாங்க. அதனால வளைக்குள்ள புகுந்து வேட்டையாடுற சின்ன நாய் இனமான டெரியர் ஒண்ணு வளர்க்கலாம்னு முடிவாயிருக்கு.

ரெண்டு இடத்துல குட்டி இருக்கு. ஒண்ணு கென்னல் கிளப்ல (நாய் இனங்களைப் பதிவு பண்ற பிரிட்டிஷ் சங்கம்) ரெஜிஸ்டர் பண்ண பார்சன் ரஸ்ஸல் டெரியர், தாத்தா பாட்டி வரைக்கும் ஷோவுல பரிசு வாங்கினது, பேப்பர் எல்லாம் பக்கா. இன்னொண்ணு ஒரு பண்ணையில, அப்பன் ஆத்தா ரெண்டும் எலி பிடிக்குது, பேப்பர் எதுவும் கிடையாது, ஒரு குட்டிக்கு ரோமம் சொரசொரன்னு இருக்கு இன்னொண்ணுக்கு வழவழன்னு இருக்கு. பண்ணைக்காரர் அப்பன் நாயோட மூஞ்சித் தழும்பைக் காட்டி இதுதாம்பா சர்டிஃபிகேட்ங்குறார். நல்ல வேலைக்கார டெரியர்னா நிஜமா என்ன? தழும்பா, வம்சமா, சைஸா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேட்டைத்துணை:

தம்பி, தழும்பைப் பார்த்து மட்டும் வாங்கிடாதீங்க. மூஞ்சி பூரா கிழிஞ்ச நாய் தைரியசாலியா இருக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் கடி வாங்கிட்டு வருதுன்னா அதுக்கு எங்க நிக்கணும்னு தெரியலன்னுதான் நான் எடுத்துப்பேன்.

டெரியரோட பழைய வேலையை நினைச்சுப் பாருங்க. நரி வளைக்குள்ள போய், நரிகிட்டருந்து ஒரு அடி ரெண்டு அடி தள்ளி நின்னு, விடாம குரைக்கணும். மேல மண்வெட்டியோட நிக்குறவனுக்கு அந்தக் குரல்தான் வழி. ஒண்ணு நரி வேற வாசல் வழியா வெளிய ஓடணும், இல்லன்னா ஆளுங்க தோண்டி வர்ற வரைக்கும் நாய் அங்கேயே நிக்கணும், அது அரை மணியும் ஆகும் அரை நாளும் ஆகும். இருட்டு, காத்து கம்மி, திரும்ப இடம் இல்ல, எதிர்ல பல்லு. அந்த இடத்துல எஜமான் குரல் எட்டாது, எப்ப முன்னேறணும் எப்ப பின்வாங்கணும்னு நாய்தான் முடிவு பண்ணணும். அதனால என் கணக்குல மொதல் தகுதி புத்தி, அடுத்தது குரல், அப்புறம்தான் முரட்டுத்தனம்.

உடம்புல பாக்க வேண்டியது நெஞ்சு. நாயை நிக்க வச்சு, முன்னங்காலுக்குப் பின்னாடி ரெண்டு கையாலயும் நெஞ்சைச் சுத்திப் பிடிங்க. சராசரி கை உள்ளவங்களுக்கு மேல கட்டைவிரல் ரெண்டும் தொடணும், கீழ மத்த விரல் தொடணும். சுற்றளவு சுமார் 14 இஞ்ச், அதாவது 35 செ.மீ. நரியோட நெஞ்சும் கிட்டத்தட்ட அவ்ளோதான், அது நுழையுற இடத்துல இதுவும் நுழையணும்ல. லேசா அமுக்கினா நெஞ்சுக்கூடு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும், பீப்பா மாதிரி உருண்டு விறைப்பா இருந்தா உள்ள சிக்கிக்கும். உயரம் ஒரு இஞ்ச் கூட இருந்தா பரவால்ல, காலை மடக்கிப் போயிடும், நெஞ்சை மடக்க முடியாது. தோல் தடிமனா தளர்வா இருக்கணும், ரோமம் சொரசொரப்போ வழவழப்போ, அடர்த்தியா மழை இறங்காம இருந்தா போதும். வாலும் சும்மா அழகுக்கு இல்ல, வளைக்குள்ள இருந்து நாயை இழுக்க அதுதான் கைப்பிடி, அடி வால் கெட்டியா இருக்கணும்.

ஏட்டுச்சுவடி:

வேட்டைத்துணை அண்ணா சொன்னதுக்குக் கொஞ்சம் வரலாறு சேர்க்குறேன். டெரியர்னு பொதுவா சொல்றோம், ஆனா ஒவ்வொரு ஊரு நிலமும் ஒவ்வொரு நாயைச் செஞ்சிருக்கு.

இங்கிலாந்துல டெவன் பக்கத்துப் பாதிரியார் ஜாக் ரஸ்ஸல் (1795-1883) ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கிறப்ப ஒரு பால்காரர்கிட்ட டிரம்ப்னு ஒரு பெட்டை நாயை வாங்கினார். வெள்ளை உடம்பு, கண்ணு காது மேல பழுப்புத் திட்டு, வால் அடியில ஒரு சின்ன புள்ளி. அவரோட வம்சம் ஆரம்பிச்சது அங்கதான். அவருக்கு நரியைக் கொல்லுற நாய் வேணாம், ஏன்னா நரி உள்ளயே செத்துட்டா நரி வேட்டைக்குக் குதிரையில வந்தவங்களுக்கும் ஹவுண்ட்னு சொல்ற வேட்டை நாய்க் கூட்டத்துக்கும் அன்னிக்கு வேலை முடிஞ்சது. குரைச்சு வெளிய விரட்டணும், அவ்ளோதான். ஹவுண்டோட சேர்ந்து ஓடணும்ங்குறதால காலும் கொஞ்சம் நீளமா வேணும்.

இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் வந்த பார்டர் டெரியரும் அப்படித்தான், குதிரைக்குப் பின்னாடி ஓடுற காலு, நீர்நாய் மாதிரி தலை, தடித்த தோலு. வடமேற்கு இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்ட்ல கதையே வேற. அங்க செங்குத்தான மலை, வேட்டைக்கு நடந்துதான் போகணும், நரி பதுங்குறது பாறைக் குவியலுக்குள்ள, மண்வெட்டி வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நரி ஆட்டுக்குட்டியைத் தூக்குதுன்னு மேய்க்கிறவங்க தவிக்கிறப்ப அது வெளிய வரலன்னா உள்ளயே முடிச்சுடுற நாய்தான் அவங்களுக்கு வேணும். லேக்லாண்ட், ஃபெல் டெரியர் எல்லாம் முரடா வந்தது அதனாலதான். ஆக ரஸ்ஸல் குறைன்னு சொன்ன குணம் மலைக்காரனுக்கு தேவையா இருந்திருக்கு, ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துல சரிதான்.

அப்புறம் ஷோ வந்தது. கென்னல் கிளப் 1873-ல ஆரம்பிச்சது, ரஸ்ஸலே அதுல ஆரம்ப கால உறுப்பினர், ஆனாலும் தன் நாய்களை ஷோவுல காட்ட அவருக்கு ஆர்வம் இல்ல. ஃபாக்ஸ் டெரியர் ஃபேஷன் ஆச்சு, தலை நீண்டுகிட்டே போச்சு, தோள் நிமிர்ந்துச்சு, நெஞ்சு ஆழமாச்சு, கடைசியில வளைக்குள்ள போகவே வேண்டாத நாயா ஆயிடுச்சு. சீலியம் டெரியர் கதை இன்னும் கொடுமை. வேல்ஸ்ல பெம்ப்ரோக்‌ஷயர்ல கேப்டன் ஜான் எட்வர்ட்ஸ் உருவாக்கின கல்லு மாதிரி வேலைக்கார நாய் அது. இன்னிக்கு வருசத்துக்கு 300 குட்டி கூட ரெஜிஸ்டர் ஆகாத அழியுற இனங்களோட பட்டியல்ல இருக்கு. படிக்கும்போதே மனசு கஷ்டமா இருக்கும் எனக்கு.

ஷோவால நம்ம நாயும் இப்படி ஆயிடும்ங்குற பயத்துலதான் 1974-ல பிரிட்டன்ல ஜாக் ரஸ்ஸல் கிளப் ஆரம்பிச்சவங்க கென்னல் கிளப் அங்கீகாரமே வேணாம்னு ரொம்ப நாள் சண்டை போட்டாங்க. பார்சன் 1990-லயும் ஜாக் ரஸ்ஸல் 2016-லயும் அந்த அங்கீகாரத்துக்குள்ள போயிடுச்சு.

கருங்கல்:

அண்ணன்மாரே, புத்தி புத்தின்னு சொல்றீங்க, ஆனா கடிக்கிற துணிச்சல் இல்லாத நாய் வாசல்ல நின்னு குரைச்சுட்டு வந்துடும். நான் பாத்த நிறைய நாய் அப்படித்தான், வெளிய இருக்குறப்ப சிங்கம் உள்ள போனா சத்தமே இல்ல. இப்ப கழுத்துல டிரான்ஸ்மிட்டர் காலர் மாட்டி மேல இருந்து ரிசீவர்ல எத்தனை அடி ஆழத்துல இருக்குன்னு பாத்துடலாம், குரல் எதுக்கு? துணிச்சல்தான் முக்கியம்.

வேட்டைத்துணை:

கருங்கல் தம்பி, துணிச்சல் வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா காலர் வந்ததாலதான் ஊமை நாயைக் கூட ஜனங்க பொறுத்துக்க ஆரம்பிச்சாங்க, அது எனக்குப் பிடிக்கல. காலர் நாய் எங்க இருக்குன்னு சொல்லும், அங்க என்ன பண்ணுதுன்னு சொல்லாது. மண்ணு சரிஞ்சு மாட்டிக்கிச்சா, நரி முன்னாடி நிக்குதா, காலி வளையில சும்மா படுத்துருக்கா, இதையெல்லாம் குரல்லதான் கண்டுபிடிக்க முடியும். முன்னாடி காதைத் தரையில வச்சுக் கேட்டுத்தான் தோண்டுவாங்க, குரல் இல்லாத நாய் வளைக்குள்ளயே போய்ச் சேர்ந்துடும். காலர் கட்டாயம் மாட்டணும், நல்ல குரலும் இருக்கணும்.

இன்னொண்ணு. வெறும் வெறி உள்ள நாய் ஒரே சண்டையில உடம்பு கிழிஞ்சு அடுத்து வாரக்கணக்குல படுத்துடும். தள்ளி நின்னு குரைக்கத் தெரிஞ்சது மறுநாளும் வேலைக்கு வரும்.

கால்நடை டாக்டர் அக்கா:

லாயத்துப் பையன் தம்பி, நீங்க கேட்டது எலிக்கு, இவங்க நரியிலேயே நிக்குறாங்க. முதல்ல சட்டம் தெரிஞ்சுக்கோங்க. இங்கிலாந்து வேல்ஸ்ல 2004 வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. எலி பிடிக்க நாய் விடலாம், நிலம் உங்களோடதா இருக்கணும் இல்ல நிலத்துக்காரர் அனுமதி இருக்கணும். நரிக்கு வளைக்குள்ள நாய் விடுறது சுடுறதுக்காக வளர்க்குற பறவைகளைக் காப்பாத்த மட்டும்தான், ஒரு நேரத்துல ஒரே நாய், எழுத்துல அனுமதி, இன்னும் பல நிபந்தனை. பேட்ஜர்னு வளை தோண்டி வாழுற ஒரு காட்டு விலங்கு இருக்கு, அதோட வளைப் பக்கம் நாயை விடவே கூடாது, 1992 சட்டப்படி அது குற்றம். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம்.

அடுத்து கண்ணு. டெரியர்ல கண்ணு லென்ஸ் இடம் பெயர்ற பரம்பரை நோய் ஒண்ணு இருக்கு, ஜாக் ரஸ்ஸல், பார்சன், ஃபாக்ஸ் டெரியர், சீலியம் எல்லாத்துலயும் வரும், பெரும்பாலும் 3 வயசுல இருந்து 8 வயசுக்குள்ள. கவனிக்காம விட்டா வலியோட பார்வை போயிடும். டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, அப்பன் ஆத்தா ரிசல்ட்டைக் கேளுங்க. பண்ணைக்காரர் டெஸ்ட் பண்ணலன்னா பண்ணச் சொல்லுங்க, வேலை செய்யுற நாய்க்கு நோய் வராதுன்னு நினைக்கிறது தப்பு. வெள்ளை அதிகமா இருக்குற குட்டிக்குக் காது கேக்குதான்னும் பாருங்க, சில குட்டிக்கு ஒரு பக்கம் மட்டும் கேக்காது, வீட்டுல கண்டுபிடிக்கவே முடியாது, அதுக்கும் டெஸ்ட் இருக்கு.

எலி மூத்திரத்துல லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) கிருமி இருக்கும், தடுப்பூசி வருசா வருசம் போடணும். உங்களுக்கும் தொத்தும், செத்த எலியைக் கையுறை இல்லாம தொடாதீங்க. நீங்க விஷம் வைக்கல சரி, பக்கத்துப் பண்ணையில வைக்கிறாங்களான்னு விசாரிங்க. ரத்தம் உறையாம பண்ற விஷம் தின்ன எலியை நாய் தின்னா ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும், ஈறு வெளுத்துப் போகும், சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும். உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, வைட்டமின் கே1 குடுத்தா பொழைக்க வைக்கலாம்.

மண்வாசனை:

எலி வேலைன்னா நான் சொல்றேன், பண்ணைகளுக்குப் போற ஒரு டெரியர் கூட்டத்தோட நானும் போறவன். நல்ல நாய் எப்படி நிக்கும்னு பாக்கணும் நீங்க. வளை வாசலுக்கு நேரா நிக்காது, கொஞ்சம் ஓரமா நிக்கும், தலை ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், பின்னங்கால் லேசா நடுங்கும், சத்தம் வராது. மூக்கை வச்சு ஒரே இழுப்புல இந்த வளையில ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லிடும், காலி வளையைத் தோண்டி நேரத்தை வீணாக்காது. நாங்க மண்வெட்டியால வளையைத் திறப்போம், எலி பாயும், கழுத்துப் பக்கம் ஒரு கவ்வு, ஒரு உதறு, கீழ போட்டுட்டு அடுத்ததுக்குத் தயார். அந்தக் கீழ போடுறதுதான் முக்கியம். செத்த எலியை வாயில வச்சுக்கிட்டு சுத்துற நாய் பக்கத்துல ஓடுற மூணு எலியை விட்டுடும்.

அப்புறம் கூட இருக்குற நாய்ங்களோட சண்டை போடக்கூடாது. கோழி, பூனை, ஆடு, குதிரைக் கால் எதையும் தொடக்கூடாது. கூப்பிட்டா வரணும். லாயத்துல இது இல்லாத டெரியர் எலியை விட பெரிய தொல்லை.

வேலை போயிடுச்சு இனிமே டெரியருக்கு என்ன இருக்குன்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நியூசிலாந்துல பறவைத் தீவுகள்ல எலி மிச்சம் இருக்கான்னு மோப்பம் பிடிக்க வாய்க்கூடு போட்ட டெரியருங்கதான் போகுது. தெற்கு அட்லாண்டிக் கடல்ல இருக்குற தெற்கு ஜார்ஜியா தீவுல எலியை ஒழிச்ச பிறகு கடைசி சோதனைக்கும் நாயுங்களை இறக்கித்தான் தேடினாங்க, ஒரு எலி கூட இல்லன்னு 2018-ல அறிவிச்சாங்க. மோப்பம், விடாப்பிடி, தனியா யோசிக்கிறது, எல்லாம் அதே பழைய குணம்தான், கடிக்கிறது மட்டும் தேவைப்படல.

லாயத்துப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்ப பண்ணைக் குட்டிதான்னு தோணுது, கண்ணு டெஸ்ட் கேட்டுப் பாக்குறேன். எட்டு வாரக் குட்டியில நெஞ்சை அளந்து என்ன தெரியப் போகுது? அங்க போனா எதைப் பாக்கணும்?

வேட்டைத்துணை:

குட்டியை அளக்காதீங்க தம்பி, ஆத்தாவை அளங்க. முடிஞ்சா அப்பனையும். ரெண்டும் கைக்குள்ள அடங்குச்சுன்னா குட்டியும் பெரும்பாலும் அடங்கும். ஆத்தா வேலை செய்யுறதை நேர்ல காட்டச் சொல்லுங்க, வெறும் பேச்சு வேணாம். எலி பிடிச்சுட்டு வந்த உடனே உங்களைத் தொட விடுதான்னு பாருங்க, வேலை முடிஞ்சதும் அடங்குற நாய்தான் வேணும். குட்டிங்கள்ல சாவியைக் கீழ போட்டா திடுக்கிட்டு உடனே திரும்ப வந்து மோந்து பாக்குறதை எடுங்க, ஓடிப் பதுங்குறதும் வேணாம், மத்த குட்டி மேல ஏறி மிதிக்கிறதும் வேணாம்.

வாங்கினப்புறம் அவசரப்படாதீங்க. முதல்ல கோழி, குதிரை, பூனைகூட பழக விடுங்க, கூப்பிட்டா வர்றது நல்லாப் படியட்டும். பல்லு முளைச்சு முடியறதுக்கு முன்னாடி பெரிய எலிகிட்ட விட்டு உதட்டுல கடி வாங்கிச்சுன்னா சிலது அதோட பயந்துடும். ஒரு வயசுக்கு மேல, அனுபவம் உள்ள நாய் ஒண்ணோட சேர்த்து விடுங்க. மண்வாசனை தம்பி கூட்டத்துல கேட்டுப் பாருங்க.

மண்வாசனை:

தாராளமா வாங்க, தனி மெசேஜ் போடுங்க. குட்டி வர்றதுக்கு முன்னாடியே ஒரு நாள் நீங்க மட்டும் வந்து பாத்துட்டுப் போங்க, பழைய பூட்ஸ் போட்டுட்டு பேன்ட் காலை சாக்ஸுக்குள்ள செருகிட்டு வரணும்.