கைரி வந்தார், காவல்காரர் போனார்: டல்லாஸில் பார்த்தது

இர்விங்வாசி:

நான் இருப்பது டல்லாஸை ஒட்டிய இர்விங். 2023 பிப்ரவரியில் கைரி இர்விங்கை எங்கள் டல்லாஸ் கூடைப்பந்து அணி மேவரிக்ஸ் வாங்கிவிட்டது என்று செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "பேர் பொருத்தமே அமோகமா இருக்கு" என்று ஒரே அலப்பறை. பதிலுக்கு யாரைக் கொடுத்தோம் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

கொடுத்தது ஸ்பென்சர் டின்விடியையும் டோரியன் ஃபின்னி-ஸ்மித்தையும். கூடவே சில டிராஃப்ட் பிக், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஃபின்னி-ஸ்மித் அதிகம் பாயிண்ட் போடுகிறவர் இல்லை. எதிரணியில் யார் நெருப்பாக ஆடுகிறாரோ அவரோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதுதான் அவர் வேலை.

பிப்ரவரி 13, திங்கள்கிழமை. ஆபீஸ் முடித்து டி.ஆர்.இ. ரயிலில் விக்டரி ஸ்டேஷன் போய் இறங்கினோம். எதிரணி மினசோட்டா. கூரையைத் தொடுகிற மாதிரி மேல் வரிசையில் சீட். அங்கிருந்து முகம் தெரியாது, ஆனால் ஆட்டத்தின் கோலம் முழுசாகத் தெரியும். மினசோட்டா ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஒருத்தர் வந்து ஸ்க்ரீன் வைப்பார், அதாவது நம்ம ஆளை வழிமறித்து நிற்பார், நம்ம ஆட்கள் தாங்கள் தடுக்கும் ஆளை மாற்றிக்கொள்வார்கள், கடைசியில் பந்து வைத்திருப்பவர் முன்னால் எங்கள் அன்றைய நட்சத்திரம் லூக்காவோ கைரியோ தனியாக நிற்பார். அவரைத் தாண்டிவிட்டால் கூடைக்கு அடியில் தடுக்க ஆளில்லை. நாங்கள் இருபது பாயிண்டுக்கு மேல் பின்தங்கிவிட்டோம். பக்கத்து சீட் குடும்பம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டது.

அப்புறம் நான்காவது குவார்ட்டரில் கைரி மட்டும் 26 பாயிண்ட். அந்த அரங்கத்தில் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. ஆனாலும் 124-121 என்று தோற்றோம். கடைசி வாய்ப்பில் லூக்காவும் கைரியும் "நீ போடு, நீ போடு" என்று பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஷாட்டே எடுக்காமல் நேரம் முடிந்துபோனது. கல்யாணப் பந்தியில் பில்லை யார் கட்டுவது என்று இரண்டு சம்பந்திகள் உபசாரம் பேசியது மாதிரி.

ஒரு பக்கம் கைரி போட்டுக்கொண்டே இருந்தார், மறுபக்கம் வாங்கிக்கொண்டே இருந்தோம். வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆளுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! இரண்டு வாரம் கழித்து லேக்கர்ஸ் வந்தது. 27 பாயிண்ட் முன்னிலையில் இருந்து 111-108 என்று தோற்றோம். மார்ச் 24 அன்று சார்லட். அவர்கள் நட்சத்திரம் லமெலோ பால் காயத்தில் இல்லை, சீசன் முடிவில் 27 ஆட்டம் மட்டுமே ஜெயித்த அணி. அதனிடமும் சொந்த ஊரில் தோற்றபோது ஜனம் "பூ" என்று ஊளையிட்டது. நானும் ஊளையிட்டேன், மறைப்பானேன்.

உங்களுக்கும் இப்படி நேரில் பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

ஞாயிறு பாயிண்ட் கார்டு:

பார்த்த அனுபவத்தைவிட நான் பட்ட அனுபவம் பெரிசு. ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறியதும் புதுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை டீமில் சேர்ந்தேன். கோர்ட்டில் எல்லாரும் கவிஞர்கள். ஷாட் போடும்போது மட்டும் உயிரோடு இருப்பார்கள். டிஃபென்ஸில் ஒருத்தர் வாய்கூடத் திறக்க மாட்டார். கால் வேகம் பாதிதான், மீதி வாய் என்று எங்கள் காலேஜ் கோச் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்தவர். "ஸ்க்ரீன் லெஃப்ட்ல வருது" என்று பின்னாலிருப்பவர் கத்தாவிட்டால் சுவரில் மோதுகிற மாதிரி மோத வேண்டியதுதான். மோதினேன். விலா எலும்பு மூன்று வாரம் வலித்தது.

எழுந்து "ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டதற்கு வந்த பதில்: "தம்பி நேத்து வந்தவரு, அதுக்குள்ள கோச் ஆயிட்டாரு." புதுசாக வந்தவனின் சங்கடமே இதுதான். வாயை மூடிக்கொண்டால் தோல்வி, திறந்தால் பகை. கைரிக்காவது நான்காவது குவார்ட்டரில் 26 போடுகிற கை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

மில்வாக்கி குளிர்:

எங்கள் கதை அடுத்த சீசன். 2023 செப்டம்பரில் எங்கள் மில்வாக்கி அணிக்கு டேமியன் லில்லார்டை வாங்கினோம். விலை, தடுப்பதில் கில்லாடியான ஜூரூ ஹாலிடே. முதல் ஆட்டத்தில் ஃபிலடெல்பியாவுக்கு எதிராக லில்லார்ட் 39 பாயிண்ட், 118-117 வெற்றி. ஊரே ஆடியது.

பிறகு பார்த்தால் முன்வரிசையில் பந்து வைத்திருப்பவரை நெருக்க ஆளே இல்லை. புது கோச் ஏட்ரியன் கிரிஃபின், கூடைக்குப் பக்கத்தில் நின்று காத்துப் பழகிய புரூக் லோபஸை மேலே ஏறி மறிக்கச் சொன்னார். ஏழடி மனிதரை நடுக் கோர்ட் வரை ஓடவிட்டால் என்ன ஆகும்? வீரர்களே கேட்டுப் பழைய முறைக்குத் திரும்ப வைத்தார்கள். நிலைமை பெரிதாகத் தேறவில்லை. புத்தாண்டு அன்று சொந்த ஊரில் இண்டியானாவிடம் தோல்வி, இரண்டே நாளில் அவர்கள் ஊரில் 142 பாயிண்ட் வாங்கித் தோல்வி. அந்த மாதமே 30 வெற்றி, 13 தோல்வி என்ற கணக்கோடு இருந்த கோச்சை அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்குக்கு வேறு ஊரில் மாலை போட்டிருப்பார்கள்.

ஹாலிடே இன்னொரு அணி வழியாக பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். 2024 இறுதிப் போட்டித் தொடரில் உங்கள் டல்லாஸுக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தில் 26 பாயிண்ட் போட்டவர் யார் என்று நினைவிருக்கிறதா? எங்கள் ஆள்.

இர்விங்வாசி:

@மில்வாக்கி குளிர், அதை ஏன்யா கிளறுறீங்க. டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போன ராத்திரி அது.

ஆனால் அந்த இறுதிவரை போனதே ஓட்டையை அடைத்ததால்தான். 2023 ஏப்ரல் 7, சிகாகோ ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், ஸ்லோவேனியா கொண்டாட்ட நாள் வேறு. கைரியை இறக்கவே இல்லை, லூக்கா ஒரு குவார்ட்டர் ஆடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேண்டுமென்றே தோற்றதற்கு லீக் 7.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. என் டிக்கெட் காசும் அதில் சேர்த்தி. ஆனால் அப்படித் தோற்றுப் பட்டியலில் கீழே இறங்கியதால் கைவிட்டுப் போகாமல் தப்பிய பத்தாவது டிராஃப்ட் பிக்கை மாற்றித்தான் டெரெக் லைவ்லி வந்தார். மறு பிப்ரவரியில் காஃபர்டும் பி.ஜே. வாஷிங்டனும். மூன்று பேரும் தடுக்கத் தெரிந்தவர்கள்.

@ஞாயிறு பாயிண்ட் கார்டு, உங்க டீமுக்கு ஒரு லைவ்லி கிடைச்சாரா, இல்லை இன்னும் விலாவுக்குத் தைலம்தானா?