விண்டோஸ் 11ல பழைய ரைட் கிளிக் மெனு வேணும், அக்கா கோவத்துல இருக்காங்க

சிம்மக்கல் டிடிபி:
மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணிக் குடுக்குற சின்னக் கடை நம்மளது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சேன்னு 11 போட்ட சிஸ்டம் வாங்குனேன். டைப் பண்ற அக்கா 19 வருஷமா இருக்காங்க. ஃபைல் மேல ரைட் கிளிக், 'சென்ட் டு', பென் டிரைவ். கண்ண மூடிக்கிட்டுப் பண்ணுவாங்க, பையன் அதத் தூக்கிட்டு பிரஸ்ஸுக்கு ஓடுவான்.

இப்ப 'சென்ட் டு'வையே காணோம். அடியில 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தட்டுனாத்தான் வருது. கட், காப்பி, டெலீட் எல்லாம் குட்டிப் படமா ஒரே வரிசையில நிக்கிது, அடியில பொடி எழுத்து. ஸ்கிரீன் கீழ் ஓரத்துல கிளிக் பண்ணா அந்த வரிசையும் மெனுவோட அடிக்கு எறங்கிருது. நேத்து காப்பின்னு நெனச்சு டெலீட்ட அமுக்கிட்டாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்லயே உக்காந்திருக்காங்க! (ரீசைக்கிள் பின்ல இருந்து எடுத்தாச்சு.) முன்ன கிளாசிக் ஷெல்னு மெனுவ பழைய மாதிரி மாத்துற சாஃப்ட்வேர் வச்சிருந்தேன். அது இதுக்கு ஆகுமா?

வைகைக்கரை:
அது 2017லயே நின்னுபோச்சுண்ணே. அதோட தொடர்ச்சிதான் ஓப்பன் ஷெல். ஆனா ரெண்டுமே முக்கியமா ஸ்டார்ட் மெனுவுக்கு, இந்த ரைட் கிளிக்குக்கு ஆகாது. எதுவும் போடாம, ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ரைட் கிளிக் பண்ணிப் பாருங்க.

சிம்மக்கல் டிடிபி:
வருது! ஆனா அக்கா இடது கையில டீ கிளாஸ் இருக்குமே.

திருமங்கலத்தான்:
அப்ப ரெஜிஸ்ட்ரிதான், விண்டோஸோட செட்டிங் எல்லாம் சேத்து வச்சிருக்குற எடம். கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாசஸ், சிஎல்எஸ்ஐடி, அதுக்குள்ள 86ல ஆரம்பிக்கிற நீள நம்பர்ல ஒரு கீ (ஃபோல்டர் மாதிரி) போட்டு, அதுக்குள்ள இன்ப்ராக்சர்வர்32ன்னு (InprocServer32) இன்னொரு கீ. பாதிப் பேரு இங்கதான் கோட்ட விடுவாங்க: டிஃபால்ட்டத் தொறந்து ஒண்ணும் எழுதாம ஓகே குடுக்கணும். சும்மா விட்டா வேல செய்யாது. அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்புளோரர ரீஸ்டார்ட் பண்ணுங்க. முன்னாடி ஒரு பேக்கப் எடுத்துக்கங்க. நம்பர தனியா அனுப்புறேன்.

மெனுவையே நம்ம இஷ்டத்துக்கு அடுக்கணும்னா நைல்சாஃப்ட் ஷெல் இருக்கு, இலவசம். செட்டிங் எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதணும். சென்ட் டுக்காக அவ்வளவு தூரம் போக வேணாம்.

சிம்மக்கல் டிடிபி:
வந்துருச்சுண்ணே! ஆனா ரைட் கிளிக் பண்ணா மூணு செகண்ட் சுத்திட்டுத்தான் மெனு விரியுது.

வைகைக்கரை:
எதோ ஒரு சாஃப்ட்வேர் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கும். மெனுல என்னென்ன ஒட்டியிருக்குன்னு காட்டுற நிர்சாஃப்ட்டோட ஷெல்எக்ஸ்வியூவத் தொறங்க. மைக்ரோசாஃப்ட் அல்லாததெல்லாம் ரோஸ் கலர்ல தெரியும். ஒண்ணு ஒண்ணா எஃப்7 அமுக்கி நிறுத்திப் பாருங்க.

சிம்மக்கல் டிடிபி:
பழைய ஸ்கேனரோட சாஃப்ட்வேர்! ஸ்கேனர் பரண்ல கெடக்கு, அத எதுக்கு இதுல ஏத்துனேன்னு எனக்கே தெரியல. நிறுத்துனதும் பொசுக்குன்னு விரியுது. அக்கா இன்னிக்குத்தான் எங்கூடப் பேசுனாங்க: "அந்த ஸ்டார்ட் பட்டன் மட்டும் ஏன் தம்பி நடுவுல நிக்கிது?"